எனாமல் இறுகும் காலம்

என் மகளுக்கு ஆறு வயது முடிந்து சில மாதங்களில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்தது. பால்பல் எதையும் விழவைக்காமல், வரிசையின் கடைசியில் ஈற்றைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் வந்துவிடும் பல் அது. ஆகவே பாதி வெளியே தெரியும்வரை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பல்லின் ஒரு மேட்டில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு, கோடு கிழித்தாற்போல் தெளிவான எல்லையோடு இருந்தது. முளைத்து இரண்டு மாதம்கூட ஆகாத பல்லில் அதற்குள் சொத்தையா என்று திகைத்தேன். இரவில் அவளுக்குப் பல் துலக்கிவிடும் பொறுப்பு என்னுடையது என்பதால் அந்தத் திகைப்பில் குற்ற உணர்ச்சியும் கலந்திருந்தது.

பல் மருத்துவர் முதலில் ஒரு காரியம் செய்தார். சிறு குழாயால் காற்றை ஊதி அந்தப் பல்லையும் அதன் எதிர்ப்பக்கப் பல்லையும் உலர்த்தினார். ஈரமாக இருந்தபோது குறையில்லாதது போலத் தெரிந்த எதிர்ப்பக்கப் பல்லில், சில விநாடிகளில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு மங்கலான திட்டு மேலெழும்பி வந்தது. உமிழ்நீர் பட்டதும் மறைந்துவிட்டது. பல்லின் கனிமத்துக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. பல்லின் வெளி உறையான எனாமலில் நுண்துளைகள் இருந்து அவற்றில் தண்ணீர் நிறைந்திருந்தால், இரண்டுக்குமான வேறுபாடு குறைவு என்பதால் ஒளி பெரிதாகச் சிதறுவதில்லை. அந்தத் துளைகளில் காற்று புகுந்ததும் வேறுபாடு கூடி, ஒளி சிதறி, அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை ஒரு மூச்சுக் காற்றால் காட்டிவிடும் இந்தச் சோதனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது நீங்கள் துலக்காததால் வந்ததில்லை. இந்தப் பல் தாடைக்குள் இருந்து இறுகிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. அப்போது பாப்பாவுக்கு ஒன்றிரண்டு வயதுதான் இருந்திருக்கும்" என்றார். இறுகுதல் என்று அவர் சொன்ன சொல் என்னை விடவில்லை. எனாமல் என்பது பல்லின் மேல் முதலிலேயே கெட்டியாகப் பூசப்படும் ஒரு பூச்சு என்று அதுவரை நினைத்திருந்தேன். கதவுக்கு அடிக்கும் பெயின்டுக்கும் விளிம்பு உதிர்ந்த பழைய கிண்ணத்தின் மேற்பூச்சுக்கும் அதே பெயர் இருப்பது அந்த எண்ணத்தை வளர்த்திருக்க வேண்டும். பாடநூல்கள் சொல்லும் பற்சிப்பி என்ற சொல்லும் வேறொரு விதத்தில் தவறான இடத்துக்கு அழைத்துப் போகிறது: சிப்பிக்குள் இருக்கும் உயிர் தன் மேலோட்டை வாழ்நாள் முழுவதும் கூட்டிக்கொண்டே போகும், பல்லில் அப்படி நடப்பதில்லை.

பல்லின் உடற்பகுதியான டென்டினையும் அதன் மேலிருக்கும் எனாமலையும் இரண்டு வெவ்வேறு செல் கூட்டங்கள் செய்கின்றன. கருவின் வாயை மூடியிருக்கும் மேல்தோல் உள்நோக்கி மடிந்து, முதலில் மொட்டாகவும் பிறகு தொப்பியாகவும் கடைசியில் மணியாகவும் வடிவெடுக்கிறது. அந்த மணியின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள் எனாமலைச் செய்யப்போகிறவை. அமீலோபிளாஸ்ட் என்பது அவற்றின் பெயர். அவற்றுக்கு எதிரே, மணிக்குள் நிறைந்திருக்கும் மென்திசுவின் ஓரத்தில் டென்டினைச் செய்யும் செல்கள் நிற்கின்றன. டென்டின்தான் முதலில் படியத் தொடங்குகிறது. அதன் மெல்லிய படலம் ஒன்று உருவான பிறகே எதிர்வரிசை தன் வேலையை ஆரம்பிக்கிறது. இரு வரிசைகளும் முகத்துக்கு முகம் நின்று, தாங்கள் சுரந்ததை நடுவில் விட்டுவிட்டு எதிரெதிர்த் திசைகளில் பின்வாங்கிப் போகின்றன. டென்டின் செல்கள் உள்ளே போய்ப் பல்லின் கூழில் பத்திரமாகத் தங்கிவிடுகின்றன. அமீலோபிளாஸ்டுகள் வெளியே, ஈற்றை நோக்கி நகர்கின்றன. பின்னால் நடக்கும் எல்லாவற்றுக்கும் இந்தத் திசை வேறுபாடே காரணம்.

சுரக்கும் கட்டத்தில் ஒவ்வொரு அமீலோபிளாஸ்டும் உயரமான, ஒடுங்கிய செல்லாக இருக்கிறது. அதன் நுனியில் கூம்பு போன்ற ஒரு நீட்சி உண்டு. அதன் வழியாகப் புரதங்கள் வெளியேறுகின்றன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அமீலோஜெனின் என்ற ஒரே புரதம். மிச்சத்தில் அமீலோபிளாஸ்டினும் எனாமெலினும் முக்கியமானவை. இந்தப் புரதக் கூழுக்குள் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, நாடா போல மிக நீளமான, மிக மெல்லிய படிகங்கள் வளர்கின்றன. ஒரு செல் விட்டுச்செல்லும் படிகக் கற்றைக்கு எனாமல் கோல் என்று பெயர்; அதன் அகலம் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செல் எந்தப் பாதையில் பின்வாங்கியதோ அந்தப் பாதையே கோலின் வடிவம் என்பதால், எனாமலை ஒரு வகையில் செல்களின் காலடித் தடம் என்றே சொல்லலாம்.

அந்த நடை சீராக இருப்பதில்லை. மனித அமீலோபிளாஸ்ட் நாளொன்றுக்குச் சுமார் 4 மைக்ரோமீட்டர் சுரக்கிறது. ஒவ்வொரு நாளும் வேகம் சற்றுக் கூடிக் குறைவதால், பல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் கோல்களின் குறுக்கே நாள்வரிகள் தெரிகின்றன. பெரும்பாலானவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஓர் அழுத்தமான கோடும் விழுகிறது. 1837இல் இந்தக் கோடுகளை விவரித்த சுவீடன் நாட்டு உடற்கூற்றியலாளர் ஆண்டர்ஸ் ரெட்சியஸின் பெயர் அவற்றுக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. பிறப்புக்கும் ஒரு கோடு உண்டு. தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்த அதிர்ச்சி, பால்பற்களிலும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லிலும் ஒரு வரியாகப் பதிந்துவிடுகிறது. ஒரு மேட்டின் மேல் எனாமல் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 4 மைக்ரோமீட்டர் கணக்கில் 625 நாள். என் மகளின் அந்தப் பல், அவள் பிறந்த சமயத்தில் தொடங்கி, நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட காலம் முழுவதும் தாடைக்குள் நாள் தவறாமல் வரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இவ்வளவும் முடிந்து முழுத் தடிமனும் வந்துவிட்ட நிலையில் எனாமலை எடுத்துப் பார்த்தால், அது பாலாடைக்கட்டி போல மென்மையாக இருக்கும் என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. எடையில் ஏறத்தாழ 30 சதவீதமே கனிமம். மற்றதெல்லாம் புரதமும் தண்ணீரும். முளைத்த பல்லின் எனாமலிலோ கனிமம் 96 சதவீதம், புரதம் 1 சதவீத அளவு, மீதி தண்ணீர். முப்பதிலிருந்து தொண்ணூற்றாறுக்குப் போவது, வெறுமனே கால்சியத்தை மேலும் மேலும் கொட்டுவதால் நடக்கக்கூடியதில்லை. கொட்ட இடம் வேண்டும். இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது, படிகங்களுக்குச் சாரமாக நின்று வழிகாட்டிய அதே புரதம். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பது போல அது பிரித்தெடுக்கப்பட வேண்டும்.

முதிர்ச்சிக் கட்டம் என்று சொல்லப்படுவது இந்த வேலைதான். சுரக்கும் கட்டத்தைவிட நீண்ட காலம் எடுத்துக்கொள்வதும் இதுவே. சுரந்து முடித்த அமீலோபிளாஸ்டுகள் குட்டையாகி, நுனிக் கூம்பை இழந்து, வேறொரு தொழிலுக்கு மாறுகின்றன. இந்த மாற்றத்திலும் இதற்குப் பின்னும் அவற்றில் ஏறத்தாழ பாதி இறந்துபோகின்றன. எஞ்சியவை கே.எல்.கே.4 என்ற நொதியைச் சுரந்து, சுரக்கும் கட்டத்திலேயே எம்.எம்.பி.20 என்ற மற்றொரு நொதி வெட்டத் தொடங்கியிருந்த புரதங்களைத் துண்டு துண்டாக்கி உறிஞ்சி எடுக்கின்றன. காலியான இடத்தில் நாடாப் படிகங்கள் பக்கவாட்டில் தடித்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஹைட்ராக்சிஅபடைட் படிகமாகும்போது அமிலம் வெளியேறுகிறது. அமிலமோ படிகத்தைக் கரைக்கக்கூடியது. வளர்ச்சியே வளர்ச்சியைக் கெடுக்காதிருக்க, செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்து அந்த அமிலத்தை முறிக்கின்றன. இதைச் செய்யும்போது அவற்றின் நுனி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கிறது, பிறகு சிறிது நேரம் வழவழப்பாக மாறுகிறது, மீண்டும் மடிப்பு. எலியின் வெட்டுப்பல்லில் இந்தச் சுழற்சி நாளில் சுமார் மூன்று முறை நடக்கிறது.

ஆகவே எனாமலின் கடினத்தை நான் இப்போது சேர்த்ததன் விளைவாகப் பார்ப்பதைவிட எடுத்ததன் விளைவாகவே பார்க்கிறேன். இந்தப் பார்வை சரி என்பதற்கு நோய்களே சாட்சி. எனாமெலின் மரபணு பழுதானவர்களுக்கு எனாமல் மெல்லியதாக அமைகிறது, ஆனால் இருக்கும் அளவுக்குக் கெட்டியாகவே இருக்கிறது. கே.எல்.கே.4 பழுதானவர்களுக்கோ தடிமன் முழுதாக இருக்கிறது, வடிவத்திலும் குறையில்லை, ஆனால் புரதம் வெளியேறாததால் பழுப்பேறி, மென்மையாகி, சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. என் மகளின் பல்லில் இருப்பது பரம்பரைக் கோளாறு இல்லை. கடைவாய்–வெட்டுப்பல் கனிமக் குறைபாடு என்று 2001இல் தனிப் பெயர் பெற்ற நிலை அது. உலகெங்கும் ஏழெட்டுக் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுகிறது. குழந்தைப் பருவ நோய்கள், மரபுக் கூறுகள் எனப் பல காரணங்கள் சேர்ந்து செயல்படுவதாகக் கருதப்படுகிறது. பழுப்புத் திட்டில் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு புரதம் தங்கிவிட்டிருக்கிறது. அதனால்தான் அந்த இடம் கடிக்கும் விசையில் உதிர்கிறது, குளிரையும் உள்ளே விடுகிறது.

ஃப்ளூரைடின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வேலைக்கு வந்தபோது, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். வளர்ந்த பிறகு குடிவந்தவர்களுக்கு அது இல்லை. காரணம் தண்ணீரில் மிகுந்திருந்த ஃப்ளூரைடு என்று 1931இல்தான் தெரிந்தது. எனாமல் முதிரும் பருவத்தில் ஃப்ளூரைடு அளவுக்கு மீறிப் போனால் புரதம் வெளியேறுவது தாமதப்பட்டு, மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே ஃப்ளூரைடு சிறிய அளவில், முளைத்த பல்லின் மேற்பரப்பில் படியும்போது எனாமலை அமிலத்துக்கு எதிராக உறுதிப்படுத்துகிறது. கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருப்பதை மெக்கேயே கவனித்திருந்தார்.

பல் ஈற்றைப் பிளந்து வெளியே வரும்போது எஞ்சிய அமீலோபிளாஸ்டுகளும் அழிகின்றன. வெளியே நகர்ந்த வரிசை வெளியேயே தொலைந்துபோகிறது. டென்டின் செல்களைப் போலத் திரும்பிவந்து பழுதுபார்க்க யாரும் இல்லை. உடைந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் ஆறும், எனாமல் மட்டும் வளராது. ஆனால் இறுகும் வேலை அதோடு நின்றுவிடுவதில்லை. புதிதாக முளைத்த எனாமல் இன்னும் சற்று நுண்துளையுள்ளது. உமிழ்நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஃப்ளூரைடும் அதற்குள் நுழைந்து சில ஆண்டுகளில் மேற்பரப்பை அடர்த்தியாக்குகின்றன. முளைத்த முதல் சில ஆண்டுகளில் சொத்தை எளிதாகப் பிடிப்பதும், வாயில் அமிலத்தன்மை கூடி பி.எச். 5.5க்குக் கீழே போகும்போது எனாமல் கரையத் தொடங்குவதும் ஒரே கணக்கின் வரவும் செலவும். மிகவும் வெளுத்த பல்தான் உறுதியான பல் என்பதும் பிழை: நன்றாக இறுகிய எனாமல் ஒளியை உள்ளே விடும், அடியிலுள்ள டென்டினின் மஞ்சள் அதன் வழியே தெரியும்.

செல்கள் போய்விடும் என்ற இந்த நிபந்தனையை மற்ற விலங்குகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடியபோது, முதலில் அகப்பட்டது எலி. எலிக்கும் நீர்நாய் போலத் தோன்றும் பீவருக்கும் வெட்டுப்பல்லின் முன்பக்கத்தில் மட்டுமே எனாமல் உண்டு. பின்பக்கம் வெறும் டென்டின். மென்மையான பின்பக்கம் வேகமாகத் தேய, கடினமான முன்விளிம்பு உளியின் வாய் போலத் தானாகவே கூராகிக்கொண்டிருக்கிறது. தேய்வுக்கு ஈடாகப் பல்லின் அடியில் தண்டு செல்கள் நிரந்தரமாகத் தங்கியிருந்து புதிய அமீலோபிளாஸ்டுகளைத் தந்துகொண்டே இருக்கின்றன. நாளுக்கு அரை மில்லிமீட்டர் அளவில் பல் வெளியே தள்ளப்படுகிறது. இதனால் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த வசதி பெரிது: எலியின் ஒரே வெட்டுப்பல்லில் அடியிலிருந்து நுனி வரை பார்த்துக்கொண்டே போனால், சுரத்தல், மாற்றம், முதிர்தல் ஆகிய எல்லாக் கட்டங்களும் வரிசையாகக் கிடைக்கும். மனிதக் குழந்தையின் தாடைக்குள் ஆண்டுக்கணக்கில் நடப்பது அங்கே சில மில்லிமீட்டர் இடைவெளிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பற்களின் ஆரஞ்சு நிற மேற்பரப்பில் இரும்பு சேர்ந்திருக்கிறது. முதிர்ச்சிக் கட்டத்தின் இறுதியில் செல்கள் கடைசிச் சரக்காக அதைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. படிகங்களுக்கு இடையே தங்கும் அந்த இரும்பு எனாமலை அமிலத்துக்கு எதிராகக் காக்கிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

குதிரையும் மாடும் தேய்வதையே பயன்படுத்திக்கொள்கின்றன. அவற்றின் கடைவாய்ப்பல்லில் எனாமல் மேலே போர்த்தப்படாமல், டென்டினுக்கும் எலும்பு போன்ற பற்காரைக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக உள்ளே இறங்கியிருக்கிறது. மூன்றும் மூன்று வேகத்தில் தேய்வதால், எனாமல் மடிப்புகள் அரத்தின் வரிகளாக எப்போதும் மேலே நிற்கின்றன. குதிரைக்குப் பல் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்து, அதே அளவு ஈற்றிலிருந்து மேலே வருகிறது. யானையின் ஒவ்வொரு தாடைப் பாதியிலும் வாழ்நாளில் ஆறு அரைக்கும் பற்கள், பின்னாலிருந்து முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வருகின்றன. கடைசிப் பல்லும் தேய்ந்தால் மேயமுடியாது. தந்தமோ முழுக்க டென்டின்; அதன் நுனியில் இருந்த சிறு எனாமல் தொப்பி இளமையிலேயே தேய்ந்துவிடும். சுறாவுக்கு இந்தக் கவலையே இல்லை, பல் போனால் அடுத்த வரிசை முன்னால் வந்துவிடும். அதன் பல்மேல் இருப்பது எனாமலுமன்று; இரு செல் கூட்டங்களும் சேர்ந்து செய்யும் எனாமலாய்டு. அதில் ஃப்ளூரைடு கலந்த படிகம் இருந்தும், அளந்து பார்த்தபோது அதன் கடினம் மனித எனாமலின் அளவிலேயே இருந்தது.

சில உயிர்கள் எனாமலைக் கைவிட்டுவிட்டன. பறவைகளுக்கும், பல்லுக்குப் பதில் வாயில் சல்லடைத் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களுக்கும் எனாமல் கிடையாது, ஆனால் அதற்கான மரபணுக்கள் சிதைந்த நிலையில் அவற்றின் டி.என்.ஏ.வில் இன்னும் கிடக்கின்றன. இன்னும் பின்னால் போனால், 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட சில மீன்களுக்கு எனாமல் செதிளில் இருந்திருக்கிறது, பல்லில் இல்லை. பல்லின் உறை தோலின் மேல்தான் முதலில் தோன்றியது என்று அதைக் கண்டவர்கள் முடிவு செய்தார்கள். மேல்தோலிலிருந்து வரும் செல்கள் ஏன் எனாமலைச் செய்கின்றன என்ற என் கேள்விக்கு அது எதிர்பாராத விடை.

வெளியேறாமல் தங்கிவிடும் அந்த ஒரு சதவீதப் புரதம் என் மகளின் பல்லில் குறையாகப் பெருகிக் கிடக்க, வேறோர் இடத்தில் அதுவே பெரும் பயனாகியிருக்கிறது. படிகங்களுக்குள் சிக்கிய புரதத் துணுக்குகள், டி.என்.ஏ. அழிந்த பிறகும் தப்பித்திருக்கின்றன. சீனாவின் குவாங்சி பகுதியில் கிடைத்த 19 லட்சம் ஆண்டு பழைய ஜைஜான்டோபிதிகஸ் என்னும் மாபெரும் குரங்கின் கடைவாய்ப்பல் எனாமலிலிருந்து புரதம் எடுத்து, அது ஒராங்குட்டானின் உறவு என்று 2019இல் காட்டினார்கள். அமீலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோம்களிலும் சற்றே வேறு வேறு வடிவில் இருப்பதால், எலும்பு மட்டுமே மிஞ்சியவர் ஆணா பெண்ணா என்பதையும் எனாமல் சொல்லும். ஸ்பெயினின் வலென்சினாவில் 2008இல் தோண்டிய செம்புக் காலக் கல்லறையில், யானைத் தந்தம் உட்பட விலைமதிப்புள்ள பொருள்களோடு புதைக்கப்பட்டிருந்தவரை இளைஞன் என்றே கருதியிருந்தார்கள். 2023இல் பல்லைச் சோதித்து, அவர் ஒரு பெண் என்று கண்டார்கள்.

மருத்துவர் என் மகளின் பழுப்புத் திட்டை மூடி அடைத்துவிட்டார். எதிர்ப்பக்கப் பல்லுக்கு ஃப்ளூரைடு பூசிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலர்த்திப் பார்க்க வரச் சொன்னார். அவளுக்கு இப்போது ஏழரை வயது. வீடு திரும்பியதும் பற்கள் உருவாகும் கால அட்டவணையை எடுத்து, அவள் வயதுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று விரலை ஓட்டினேன். இரண்டாம் கடைவாய்ப்பல்லின் தலைப்பகுதி 7 முதல் 8 வயதுக்குள் உருவாகி முடியும் என்றும், ஞானப்பல் 7 முதல் 10 வயதுக்குள் கனிமம் ஏறத் தொடங்கும் என்றும் அதில் இருந்தது. அந்த இரண்டாம் கடைவாய்ப்பல் வெளியே வர இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். விழுந்த பால்பல் ஒன்றை அவள் ஒரு சிறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அதை அறுத்துப் பார்த்தால் அவள் பிறந்த நாளின் கோடு தெரியும் என்று சொன்னேன். அறுக்கக் கூடாது என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.